ஆச்சி கேட்ட கேள்வியும் அச்சன்கோவில் பாறையும்



மலருக்குக் கட்டுரை கேட்டதும் ‘நட்பின் பெருமை’ என்று இரண்டு பக்கம் எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சர்வே கேம்ப்பில் பிடித்த ஒரு கேள்வி என்னை விடவில்லை.

செங்கோட்டையைத் தாண்டி, புளியரை மலைப்பாதை ஓரம். ரோட்டுக்காக வெட்டிய பாறையில் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாகக் கோடுகள். ஃபீல்டு புக்கில் ‘படிவுப் பாறை’ என்று எழுதிவிட்டேன். சார் பார்த்தார். சிவப்பு மையால் ஒரே அடி! “தம்பி, இது படிஞ்ச கோடு இல்ல, இழுபட்ட கோடு. நீ நிக்கது அச்சன்கோவில் ஷியர் ஸோன்ல” என்றார்.

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். “ஏல, அது எப்பம்ல நவுந்துச்சு? இன்னமும் நவுருதா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

பரோட்டா மாவும் பாறையும்

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் ஷியர் படித்திருக்கிறோம். ரிவெட்டின் இரு பக்கமும் தகடுகளை எதிரெதிரே இழுத்தால் ரிவெட் என்ன பாடுபடும்? பூமியின் மேலோட்டிலும் அதுதான் நடக்கிறது. இரண்டு பெரிய பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நழுவும்போது, நடுவில் உள்ள பட்டை அந்தப் பாட்டைப் படுகிறது. தரைக்கு அருகே என்றால் பாறை உடைந்து பிளவாகும். ஆனால் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் சூடு 300 டிகிரியைத் தாண்டும். அங்கே குவார்ட்ஸ் உடையாது; திடமாக இருந்தபடியே பரோட்டா மாவு போல இழுபடும். மாஸ்டர் வீசி இழுத்த மாவில் அடுக்கு விழுகிறதே, அப்படித்தான் அந்தக் கோடுகளும்.

1980இல் டிருரி, ஹோல்ட் என்ற இருவர் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து, தென்னிந்தியாவின் குறுக்கே ஓடும் இத்தகைய பட்டைகளை வரைபடமாக்கினார்கள். அச்சன்கோவில் பட்டை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, கேரள மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. அதற்கு வடக்கே மதுரைத் தொகுதி, தெற்கே திருவனந்தபுரம் தொகுதி. நம் சங்கரன்கோவில் இருப்பது மதுரைத் தொகுதியில்.

எந்தப் பக்கம் நழுவியது?

பாறையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் தடயம் தெரியும். கெட்டியான ஃபெல்ஸ்பார் மணிகள் கண் போல நிற்க, அவற்றின் இரு பக்கமும் வால் நீண்டிருக்கும். வால் சாய்ந்திருப்பதை வைத்து நழுவிய திசையைச் சொல்வார்கள். குவார்ட்ஸ் இழுபட்டு ஃபெல்ஸ்பார் மட்டும் நொறுங்கியிருந்தால் மிதமான சூடு. இரண்டுமே இழுபட்டிருந்தால் அதிகச் சூடு. அச்சன்கோவில் பட்டையில் இடப்பக்கம் நழுவியது என்றவர்களும் உண்டு, வலப்பக்கம் என்றவர்களும் உண்டு. ஒரே பட்டை ஒரு தடவைக்கு மேல் நகர்ந்திருக்கலாம் அல்லவா!

எப்போது நழுவியது?

ஆச்சி கேட்டது இதைத்தான். இங்கேதான் பலரும் தவறுகிறோம். பாறை பிறந்த வயது வேறு, அது நழுவிய வயது வேறு. பழைய வீட்டில் புதுசாக விழுந்த விரிசலுக்கு, வீடு கட்டிய வருஷத்தைச் சொன்னால் சரியாகுமா?

கடிகாரமாக உதவுவது யுரேனியம். யுரேனியம் 238இல் பாதி ஈயமாக மாற 447 கோடி ஆண்டு ஆகும். ஸிர்கான் என்ற கனிமம் வளரும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. ஆகவே உள்ளே இப்போது இருக்கும் ஈயம் பிறகு உண்டானது. ஈயத்துக்கும் மிச்ச யுரேனியத்துக்கும் உள்ள விகிதம் 0.089 என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரை எடுங்கள். 1.089இன் இயல் மடக்கை 0.0853. அதை ஆண்டுக்கான சிதைவு எண்ணான 1.551 × 10⁻¹⁰ ஆல் வகுத்தால் சுமார் 55 கோடி ஆண்டு. அவ்வளவுதான் கணக்கு!

ஆனால் ஒரே ஸிர்கான் மணியில் இரண்டு வயது இருக்கும். நடுக்கரு மிகப் பழசு, சுற்றியுள்ள ஓடு பின்னால் வளர்ந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே திருமேனியில் சங்கரனும் நாராயணனும் நிற்பதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறோமே! மொத்த மணியையும் கரைத்து அளந்தால் இரண்டும் கலந்து பொய் வயதுதான் வரும். அதனால் நுண்கற்றையைப் பாய்ச்சி, கருவைத் தனியாக, ஓட்டைத் தனியாக அளக்கிறார்கள்.

அப்போதும் ஓட்டின் வயது சூடேறிய காலத்தைத்தான் சொல்லும். நழுவிய காலம் வேண்டுமானால், நழுவும்போதே அந்தக் கோட்டின் போக்கில் வளர்ந்த கனிமம் கிடைக்க வேண்டும். சில இடங்களில் மோனசைட் கைகொடுக்கும். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் எடுக்கிறார்களே, அதுதான். அடுத்தது மைக்கா. கறுப்பு மைக்காவின் கடிகாரம் 300 டிகிரி அளவுக்குப் பாறை ஆறிய பிறகுதான் ஓடத் தொடங்கும். இப்படிப் பல கடிகாரங்களைச் சேர்த்துப் பார்த்தால், எப்போது சூடேறியது, எப்போது இழுபட்டது, எப்போது ஆறியது என்று வரிசை கிடைக்கும்.

அச்சன்கோவில் பகுதியில் பெரும் சூடும் உருமாற்றமும் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்தையவை. இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டிய காலம் அது. பட்டையின் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடியவர்கள் உண்டு. அந்த இணைப்பை மறுப்பவர்களும் உண்டு.

டிப்ளமோக்காரனுக்கு இது எதுக்கு?

நானும் அப்படித்தான் கேட்டேன். ஃபிரான்ஸில் மல்பாசே அணை 1959 டிசம்பர் 2 அன்று இரவு உடைந்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடைந்தது கான்கிரீட் கோளாறால் அல்ல. இடக்கரையில் இருந்த நைஸ் பாறையின் வரிகளும், அதன் அருகே கவனிக்கப்படாமல் கிடந்த ஒரு பிளவும் சேர்ந்து, நீரின் அழுத்தத்தில் அடித்தளத்தையே நகர்த்திவிட்டன. பாறையில் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஃபீல்டு புக்கில் எழுதுவது சும்மா மார்க்குக்காக இல்லை நண்பர்களே! அன்று நான் எழுதிய தப்பு சிவப்பு மையோடு போனது. சைட்டில் எழுதினால்?

இன்னொன்று. பழைய பட்டை என்பதால் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. பலவீனமான கோட்டில் பிற்காலத்தில் புதுப் பிளவு விழலாம். பாறை பொடியாக நொறுங்கிக் கிடக்கிறதா, மேலே உள்ள மண் அடுக்கையும் பிளவு வெட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போன வாரம் ஆச்சியிடம் சொன்னேன்: “ஆச்சி, நான் பாத்த கோடு பூமிக்கு அடியில கொதிக்கிற சூட்டுல விழுந்தது. அம்பத்தஞ்சு கோடி வருசம் ஆச்சு. மேல இருந்த மலையெல்லாம் கரைஞ்சு போயிதான் இப்பம் வெளியே தெரியுது. அந்தக் கோடு இப்பம் இழுபடல.”

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்பம் சரி. ஆனா எந்த வேலைக்குப் போனாலும் பாத்துக் கட்டு” என்றாள்.

இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பார்த்துக் கட்டுவோம்!

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்