வகுப்பறை நகலும் பதிப்புரிமைச் சட்டமும்: தமிழ்த்துறைப் பாடத்தொகுப்புகளை முன்வைத்து

திறவுச் சொற்கள்: பதிப்புரிமை, நியாயமான கையாளுகை, பாடத்தொகுப்பு, செய்யுள் திரட்டு, நாட்டுடைமை

நூலகத்தில் ஒரே படியாக இருக்கும் நூலின் இரண்டு இயல்களை அறுபது மாணவர்க்கு வழங்க வேண்டிய ஆசிரியருக்குத் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஜெராக்ஸ் கடையே துணை. சிப்காட் தொழிற்பேட்டையில் முறைப்பணி செய்வோரின் பிள்ளைகள் பாடத்துக்கொரு நூல் என விலைகொடுத்து வாங்குவர் என எதிர்பார்ப்பதற்கில்லை. அந்த நகல் சட்டத்திற்கு உட்பட்டதா என்ற ஐயத்திற்கு, ‘பத்து விழுக்காடு வரை எடுக்கலாம்’ என்ற செவிவழி விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அத்தகைய விழுக்காட்டு வரம்பு எதுவும் இல்லை.

அச்சட்டத்தின் 52(1)ஆம் பிரிவு, உரிமை மீறலாகக் கொள்ளப்படாத செயல்களைப் பட்டியலிடுகிறது. அதன் ‘ஏ’ கூறு ஆய்வு உள்ளிட்ட தனிப்பயன்பாடு, திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றிற்கான நியாயமான கையாளுகையைப் பற்றியது. ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவோர் இதன்கீழ் வருவர். வகுப்பறைக்குரியது ‘ஐ’ கூறு. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுபடி எடுப்பதை அது அனுமதிக்கிறது. தேர்வு வினாக்களுக்கும் விடைகளுக்கும் அவ்வனுமதி நீள்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே குழப்பத்தின் வேர்.

இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது தில்லிப் பல்கலைக்கழக நகல் வழக்கு. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனமும் பல்கலைக்கழகத்தின் மீதும், தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் பாடத்தொகுப்புகளை நகலெடுத்துத் தந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர் அமைப்பொன்றும் கல்வியாளர் அமைப்பொன்றும் தம்மையும் வழக்கில் இணைத்துக்கொண்டன. 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று மேல்முறையீட்டு அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பில் நேருக்குநேர் நிகழும் உரையாடலோடு முடிவதன்று என்றது. கற்பித்தல் நோக்கத்திற்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவுகோல் என்றும் கொண்டது. நகலெடுப்பவர் கடைக்காரர் என்பதாலேயே விலக்கு அற்றுப்போகாது. எனினும், தொகுப்பிலுள்ள பகுதிகள் உண்மையில் பாடத்திற்குத் தேவையானவையா என்ற வினா விசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றதால் அவ்விசாரணை நடைபெறவேயில்லை. ஆகவே இத்தீர்ப்பைக் கட்டற்ற உரிமமாகக் கொள்வது பிழை. தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழகத்தில் வழிகாட்டும் வலுவுடையதே தவிரக் கட்டுப்படுத்துவதன்று.

தமிழ்த்துறைகள் உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் நகலகம் அன்று, அச்சகம். தன்னாட்சிக் கல்லூரிகள் பலவற்றில் பகுதி ஒன்று தமிழுக்கான செய்யுள் திரட்டைத் துறையே அச்சிட்டு விலைக்கு அளிக்கிறது. அச்சிட்டு வெளியிடும் தொகுப்புக்கு உரியது ‘எச்’ கூறு. அதன் நிபந்தனைகள் கடுமையானவை. தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை அற்றதாக இருக்க வேண்டும். எடுப்பவை சிறு பகுதிகளாக இருக்க வேண்டும். ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து ஒரே வெளியீட்டாளர் ஐந்தாண்டில் இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடலாகாது. சங்கப் பாடல்களே மிகுந்த திரட்டு இதனைத் தாங்கும். வாழும் கவிஞர்களால் நிறைந்த ‘இக்கால இலக்கியம்’ தாங்காது. அங்கு இசைவுக் கடிதம் பெறுவதே வழி. ஒரு கவிஞருக்கு மடல் எழுதுவது துறைக்கு அப்படியொன்றும் பெருஞ்சுமை ஆகாது.

உரிமைக்காலம் ஆசிரியர் மறைந்த ஆண்டையடுத்து அறுபது ஆண்டுகள். 1941இல் மறைந்த தாகூரின் உரிமை முடியவிருந்த வேளையில்தான் ஐம்பது அறுபதாக்கப்பட்டது. அதனால் 1942இல் மறைந்த உ.வே.சாமிநாதையரின் எழுத்துகளுக்கும் 2002 இறுதிவரை காலம் நீண்டது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தன் தம் வாழ்நாளில் வெளியிட்ட கதைகளுக்கு 2008ஓடு உரிமை முடிந்தது. ஆயினும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்பில் உள்ள முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை. கதையை மட்டும் எடுக்கும் துறை, பதிப்பாசிரியரின் குறிப்புகளையும் சேர்த்து அச்சிட்டால் அவரது இசைவைப் பெற வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்களுக்கும் இதுவே பொருந்தும்: மூலம் பொதுவுடைமையானாலும் அதன்மேல் பிறர் எழுதிய உரை அவ்வாறு ஆவதில்லை.