மெட்டுக்கு முன் வரும் தடை

நிற்கும் தேரைக் கிளப்பத்தான் ஊரே கூடி வடம் பிடிக்க வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு விசை தேவையில்லை. அச்சில் ஏற்படும் நிலை உராய்வின் உச்ச அளவு, இயக்க உராய்வைவிட அதிகமாயிருப்பது இதற்கொரு காரணமாகும்.

கணினியில் இசையமைப்பதிலும் இத்தகைய தொடக்கத் தடை உண்டு. ஆண்டிமடத்தில் ஒரு மாணவிக்குப் புதிய மெட்டு தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுருதி, வாத்தியம், ஒலி அளவு என ஒவ்வொன்றாகச் சரிசெய்வதற்குள் மெட்டு மறந்துபோகும்!

இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். கூடம் தேடிச் செல்லும் தடை அதனால் நீங்கியது. நம் மாணவிக்கோ ஒரு 'வார்ப்புக் கோப்பு' போதும்.

எல்.எம்.எம்.எஸ். என்பது இலவச இசை மென்பொருள். அதில் சுருதிக்கு ஒரு தடம், தாளத்துக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று என அமைக்கலாம். ஒரு கட்டைச் சுருதியெனில் சட்ஜம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ். பஞ்சமம் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 393. இவ்வமைப்பை வார்ப்பாகச் சேமித்துவிட்டால், அடுத்த முறை திறந்தவுடன் சுருதி தயாராக இருக்கும். மெட்டை உடனே வாசிக்கலாம்.

ஆனால் ராகத்தையும் வேகத்தையும் வார்ப்பிலேயே முடிவுசெய்துவிடாதீர்கள். எல்லாப் பாடல்களும் ஒன்றுபோலாகிவிடும். அவற்றைத் தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் வீணன்று. தேரைத் திருப்பும் முட்டுக்கட்டையும் உராய்வினால்தானே வேலை செய்கிறது!