புத்தளம் கரையோரம்: இப்னு பதூதா முதல் டொல்பின் படகு வரை

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் கொழும்பிலிருந்து வரும் வீதியில் பாலாவிச் சந்தியில் இடதுபுறம் திரும்பும் வாகனங்களின் தொகை கூடிவிடுகின்றது. அவற்றிற் பெரும்பாலானவை கற்பிட்டியை நோக்கிச் செல்பவை. ஓரிரவு தங்குவது, விடியற்காலையிற் படகேறி டொல்பின் பார்ப்பது, நண்பகலில் மீன்கறியுடன் சோறு உண்பது, மாலையில் ஊர் திரும்புவது என்பதே வழமையான நிகழ்ச்சிநிரலாகும். இதிற் குறை காண நாம் முற்படவில்லை. எனினும் இவ்வாறு வந்து செல்வோர் புத்தளம் கரையோரத்தைப் பார்த்துவிட்டதாகக் கருதுவார்களாயின், அவர்கள் பார்த்தது அதன் விளிம்பை மாத்திரமே என்பதைக் கூறவேண்டியுள்ளது.

அண்மையில் கற்பிட்டிப் பகுதி விடுதியொன்றில் விருந்தினர்களுக்கு வழங்கப்பட்ட சிறு கையேடொன்றை நாம் பார்க்க நேர்ந்தது. அதில் இப்பிரதேசத்தின் வரலாறு ஒல்லாந்தரின் கோட்டையுடன் ஆரம்பமாகி, காற்றாடிச் சறுக்கலுடன் நிறைவுபெற்றிருந்தது. இடையில் மனிதர்கள் எவரும் இருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கையேடுதான்.

ஒல்லாந்தருக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலத்திலேயே இக்கரைக்கு ஒரு பயணி வந்து, தாம் கண்டவற்றை எழுதியும் வைத்துள்ளார். மொரோக்கோ நாட்டவரான இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்டு இலங்கையில் வந்திறங்கிய இடத்தைப் பத்தாலா என்று குறிப்பிடுகின்றார். அது புத்தளமே என்பது அறிஞர்கள் பலரின் முடிபு. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு நகரம் என்று அதனை அவர் வருணிக்கின்றார். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையிற் குன்றுபோற் குவிந்து கிடந்தனவாம். மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் வந்த வணிகர்கள் மன்னருக்குத் துணி முதலியவற்றைக் கையுறையாக அளித்துவிட்டு அவற்றை எடுத்துச் சென்றார்கள் என்றும் அவர் எழுதுகின்றார். அவரை வரவேற்ற மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவர். முத்துக் குளிப்பில் எடுக்கப்பட்ட முத்துக்கள் அவர் முன்னிலையிலேயே தரம் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்பதே இப்னு பதூதாவின் வேண்டுகோள். மன்னர் அவருக்குப் பல்லக்குக் கொடுத்தார். துணைக்கு யோகிகள் நால்வரும் பிராமணர் மூவரும் வேறு பத்துப் பேரும், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேரும் அனுப்பப்பட்டனர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்குத் தமிழ் மன்னர் ஒருவர் யோகிகளையும் பிராமணரையும் வழித்துணையாக அனுப்பிய இந்நிகழ்ச்சியை, இக்கரையோரத்தின் முதலாவது சுற்றுலா ஏற்பாடு என்று சற்று வேடிக்கையாகவே கூறலாம். அவர்கள் கடந்து சென்ற பந்தர் சலாவத் என்ற ஊர் இன்றைய சிலாபம் எனக் கருதப்படுகின்றது. இத்தனையும் எழுத்தில் இருக்க, புத்தளம் நகருக்கு வரும் ஒருவர் இதனை அறிந்துகொள்வதற்கு வகைசெய்யும் ஒரு நினைவுக்கூடமேனும் களப்பின் கரையில் இருத்தல் வேண்டாமா?

களப்பைப் பற்றியும் சிறிது விளக்குதல் அவசியம். கற்பிட்டிக் குடாநாடு தெற்கிலிருந்து வடக்காக நீண்டு கிடக்கும் ஒரு மணற்றிடல். அதற்கும் தலைநிலத்துக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பே புத்தளம் களப்பு. பரப்பளவு 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். மீ ஓயாவும் கலா ஓயாவும் இதிற் கலக்கின்றன. கடலுடன் தொடர்புகொள்ளும் வாய் வடக்கில் உள்ளது. ஆழம் குறைவு, மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். ஆகவே வரட்சிக் காலத்தில் களப்பின் தென்பகுதி நீர் கடல்நீரைக் காட்டிலும் உவர்ப்பாகிவிடுகின்றது. புத்தளம் உப்புக்குப் பெயர்பெற்ற காரணம் இதுதான். பாத்தி பாத்தியாக நீரைப் பாய்ச்சி, படிப்படியாகச் செறிவேற்றி, இறுதிப் பாத்தியில் உப்புப் படிந்ததும் வாரிக் குவிக்கும் இத்தொழிலை வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். வெண்ணிறக் குவியல்களைப் புகைப்படம் எடுப்பவர்கள் அநேகர். அந்த வெயிலில் வெறுங்காலுடன் நிற்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுபவர்கள் சிலரே.

கற்பிட்டிக் கோட்டையின் பொருளும் இக்களப்பை அறிந்தாலன்றி விளங்காது. 1667இல் ஆரம்பித்து 1676இல் ஒல்லாந்தர் இதனைக் கட்டி முடித்தனர். கண்டி இராச்சியத்தின் பாக்கு வெளியே செல்வதும், துணி முதலியன உள்ளே வருவதும் புத்தளம் துறைமுகம் ஊடாகவே நடைபெற்றன. களப்பின் வாயருகே ஒரு கோட்டையை எழுப்பிவிட்டால் கண்டி மன்னரின் கழுத்தைப் பிடித்தாயிற்று. பவளக் கல்லாலும் சுண்ணக் கல்லாலும் ஆன அம்மதில்கள் காவலுக்காக எழுந்தவை என்பதிலும் பார்க்க, ஒரு நாட்டின் வணிகத்தை முடக்குவதற்காக எழுந்தவை என்பதே பொருத்தம். 1795இல் அது ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அண்மைக் காலத்திற் கடற்படையினரின் பொறுப்பில் இருந்துவந்துள்ளதால், பார்வையிட விரும்புவோர் வாயிலில் அனுமதி பெற்றே செல்ல நேரிடும்.

இதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர்தான் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகர வரிசையில் தொகுத்த நூலை 1834இலும், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் ‘தமிழ் புளூராக்’ நூலை 1859இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். இலங்கை முஸ்லிம்களின் பழக்கவழக்கங்கள் பற்றியும் எழுதியுள்ளார். தமது ஊரைத் தாமே பார்த்து எழுதிய முதல்வர்களுள் ஒருவரான அவரை, அவர் பிறந்த ஊருக்கு வருவோருக்கு எவரும் அறிமுகப்படுத்துவதில்லை.

கடலைப் பொறுத்தவரை, இங்கு டொல்பின்களும் திமிங்கிலங்களும் கரைக்கு அண்மையிற் காணப்படுவதற்குக் காரணம் கண்டமேடை இவ்விடத்தில் விரைவாக முடிந்து ஆழ்கடல் தொடங்குவதாகும். ஏறத்தாழ நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், சில வேளைகளில் நூற்றுக்கணக்கான டொல்பின்கள் ஒரே கூட்டமாகத் துள்ளிச் சுழல்வதைக் காணலாம். குடாநாட்டின் மேற்கே உள்ள பவளப்பாறைத் தொகுதி 1992இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் 1998இலும் 2016இலும் கடல் வெப்பமடைந்ததனாற் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. எஞ்சியவற்றின் மீது நங்கூரம் வீசுவதும், கால் பதித்து நிற்பதும் வருந்தத்தக்கவை. டொல்பின் கூட்டமொன்றைப் பத்துப் படகுகள் வளைத்துத் துரத்துவதும் அத்தகையதே. படகோட்டியை விரைவுபடுத்துபவர் பெரும்பாலும் பயணிதான் என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

கரையோரமாகத் தெற்கே இறங்கினால் தலவிலவில் புனித அன்னம்மாள் ஆலயம். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நடைபெறும் திருவிழாக்களுக்கு இன, மத பேதமின்றி மக்கள் திரள்கின்றார்கள். உடப்பில் திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்பு. அவ்வூரார் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்கள் தனியாக ஆராயத்தக்கவை. சிலாபத்தருகே, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டுக் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்த முன்னேஸ்வரம். புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில், ஐரோப்பியர் காலத்தில் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தோர் வாழ்கின்றனர். அவர்களுடைய மாஞ்சா இசையிற் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் சொற்கள் இன்னும் எஞ்சியுள்ளன. நாற்பது, ஐம்பது மைல்களுக்குள் இத்தனை வகை மக்களைக் காணக்கூடிய கரை நாட்டில் வேறெங்கும் இருப்பதாக நாம் கருதவில்லை.

இம்மக்களிற் பிந்தி வந்து சேர்ந்தவர்களைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேடும் பேசாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களிற் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். புத்தளம் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று இங்கு பிள்ளை பெற்று வாழ்கின்றார்கள். ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும் வீதியோரக் கடைகளில் தேநீர் அருந்தும் பயணி இவர்களின் கையாலேயே அதனைப் பெறக்கூடும்.

அரசின் பார்வையோ வேறு. இக்கரையோரத்துக்குத் தலைநகர் அனுப்பியவை எவை என்று எண்ணிப் பார்த்தால் விடயம் தெளிவாகும். 1970 முதல் சீமெந்துத் தொழிற்சாலை. 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம், அதன் சாம்பற்றூள். மக்களின் நீண்ட எதிர்ப்புக்கு மத்தியில் 2019இல் அறுவைக்காட்டுக்குக் கொழும்பின் குப்பை. இவற்றுடன் சேர்த்து, கற்பிட்டியின் 14 தீவுகளையும் அண்டிய நிலங்களையும் உல்லாசப் பயண வலயமாக்கும் பெருந்திட்டமும் 2000களில் வகுக்கப்பட்டது. அது வரைபடத்தில் இருந்த அளவுக்கு நிலத்தில் எழவில்லை. ஆனால் அதற்காகக் காணிகள் கைமாறியபோது கரைக்குச் செல்லும் பாதைகள் வேலியிடப்பட்டதாகவும், வாடி அமைத்துக் கருவாடு காயவைத்த இடங்கள் பறிபோனதாகவும் கடற்றொழிலாளர் முறையிட்டனர். பருவத்துக்குப் பருவம் தீவுகளுக்குப் பெயரும் மீனவரிடம் உறுதிப்பத்திரம் இருப்பதில்லை. தலைமுறைப் பழக்கமே உள்ளது. வரைபடம் தயாரிப்பவர்களின் கண்ணுக்கு அந்த நிலம் வெறுமையாகவே தெரியும்.

தண்ணீரும் இதிற் சேரும். குடாநாட்டின் மணலுக்கு அடியில், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதே அங்குள்ள நன்னீர். வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் விவசாயியின் கிணறும் விடுதியின் நீச்சற்குளமும் அந்த ஒரே படையிலிருந்துதான் நீர் அள்ளுகின்றன. அளவு மீறினால் உவர்நீர் மேலேறும். ஏறியது எளிதில் இறங்காது.

உலகின் மறுகோடியில் உள்ள ஓர் உதாரணம் இவ்விடத்தில் உதவும். தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டில், குவாயாஸ் ஆற்றங்கரையில் அமைந்த பெருந்துறைமுக நகரம் குவாயாகில். பாழடைந்திருந்த தனது ஆற்றங்கரையை அந்நகரம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டரைக் கிலோமீற்றர் நீள உலாவிடமாக மாற்றியது. பூங்காவும் அரும்பொருட்சாலையும் எழுந்தன. வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் குவிந்தனர். ஆனால் அங்கு வியாபாரம் செய்துவந்த நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டனர். வேலியும் காவலரும் வந்தனர். இது கண்டனத்துக்குள்ளாகியது. அதே நகரத்தின் சாந்தா ஆனா குன்றிலோ, வறியோர் குடியிருந்த வீடுகளைத் திருத்தி வர்ணம் பூசி, உச்சிவரை செல்லும் 444 படிகளுக்கும் எண் இட்டு, குடியிருப்போரிற் பலர் தமது வாசலிலேயே கடை வைக்கும் நிலை உருவாக்கப்பட்டது. குறைகள் அதிலும் உண்டு. எனினும் ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரு வழிகளையும் கையாண்டிருக்கின்றது. பயணிகள் இரண்டையும் பார்க்கவே வருகின்றார்கள்.

புத்தளத்துக்கு எவ்வழி என்பதை முடிவுசெய்ய அதிகாரிகளுக்கு இன்னும் அவகாசம் இருக்கின்றது. கரைக்குச் செல்லும் பொதுப் பாதைகளை அளந்து வர்த்தமானியில் அறிவிப்பது, டொல்பின் படகுகளின் அனுமதியில் உள்ளூர்க் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு முதலிடம் அளிப்பது, ஒரே நேரத்திற் கூட்டத்தை அணுகும் படகுகளுக்கு வரம்பிடுவது, கோட்டையிலும் களப்பின் கரையிலும் மும்மொழிகளிலும் விளக்கப் பலகைகள் வைப்பது ஆகியவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. உள்ளூர் இளைஞர்களை, ஆண்களுடன் பெண்களையும், வழிகாட்டிகளாகப் பயிற்றுவிப்பது அவற்றைவிட அவசரமானது. இப்னு பதூதாவின் கதையைக் கொழும்பிலிருந்து வரும் வழிகாட்டியைவிடப் புத்தளத்துப் பிள்ளை நன்றாகச் சொல்லும்.

எமது வாசகர்களிற் பலர் அடுத்த விடுமுறைக்குக் குடும்பத்துடன் அங்கு செல்லக்கூடும். டொல்பினுக்காகச் செல்பவர்கள் விடியற்காலையிலேயே கடலில் இருப்பது நல்லது; காலை ஏறஏறக் காற்றும் அலையும் கூடிவிடும். மே முதல் ஒக்டோபர் வரை காற்றுக் கடுமையாதலால் அது காற்றாடிச் சறுக்குவோரின் காலம். படகுப் பயணத்துக்கு உகந்ததன்று. திரும்பும் வழியில் பாலாவியிற் கொழும்பை நோக்கித் திரும்பாமல் சில கிலோமீற்றர் வடக்கே சென்று, புத்தளம் நகரில் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு களப்பின் கரையில் சற்று அமரலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கறுவா குவிந்து கிடந்ததாகச் சொல்லப்படும் கரை அது. மாலையில் தோணிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். கூனியும் நண்டும் இறக்கப்படும். விலை பேசுபவர்களில் மன்னார்த் தமிழும் புத்தளத்துத் தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும்.