எரிந்த கட்டடத்தில் ஒரு வெப்பமானி

ஜவுளிக் கிடங்கு ஒன்றில் இரவில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். தீயணைப்புப் படையினர் வந்து அணைத்துவிட்டார்கள். துணியில் ஒரு பகுதி சாம்பல். தூண்களும் கூரையும் கரி படிந்து நிற்கின்றன. உரிமையாளர் தீ இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார். மறுநாள் சுத்தியல், உளி, டார்ச் விளக்கு சகிதம் ஒருவர் வருகிறார். அவர்தான் சர்வேயர், அதாவது, இழப்பை மதிப்பிடுபவர்.

கூரையை இடிக்க வேண்டுமா, பூசினால் போதுமா? இந்தக் கேள்வியில் பல லட்சம் ரூபாய் அடங்கியிருக்கிறது. விடை தவறினால், பின்னால் அதன் கீழ் வேலை செய்வோரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே தீயின் வெப்பநிலை எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். எரியும்போது அங்கே வெப்பமானி ஏது என்கிறீர்களா? இருந்ததே! சாம்பலைக் கிளறும்போது உருகி உறைந்த அலுமினியக் கட்டி ஒன்று அகப்படுகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பக்கத்திலேயே செப்புக் கம்பி உருகாமல் கிடக்கிறது. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அந்த இடத்தின் வெப்பம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அடுத்து தூணைச் செதுக்கிப் பார்க்கிறார். கான்கிரீட் சுமார் 300 டிகிரியைத் தாண்டினால், ஜல்லியிலும் மணலிலும் உள்ள இரும்புச் சேர்மங்களால் இளஞ்சிவப்பாக மாறும். 600 டிகிரிக்கு மேல் சாம்பல் கலந்த வெண்மை. அதற்குள் அதன் வலிமையில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் கான்கிரீட் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், வெளியே கருகிய தூண் உள்ளே நல்ல நிலையில் இருக்கலாம். சிவப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம். எல்லா ஜல்லியும் சிவப்பதில்லை. எனவே சந்தேகம் வந்தால் பொறியாளரை அழைத்து, தூணிலிருந்து உருளையாக ஒரு துண்டு வெட்டியெடுத்து, ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள்.

தீ எட்டாத அறையையும் சர்வேயர் விடமாட்டார். மின்கம்பிகளின் பி.வி.சி. உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். புகை மட்டுமே பட்ட தையல் இயந்திரம் சில நாள்களில் துருவேறுவது இதனால்தான். உடனே துடைத்து எண்ணெயிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு கணக்கு. கிடங்கிலிருந்த சரக்கின் மதிப்பு 10 லட்சம் ரூபாய். உரிமையாளரோ 6 லட்சத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ் செய்திருந்தார். எரிந்தது 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு. கிடைப்பது எவ்வளவு? பத்தில் ஆறு பங்கு, அதாவது 1,20,000 ரூபாய்தான்! இதற்குச் சராசரி விதி என்று பெயர். கொடுமையாகத் தோன்றுகிறதா? அவர் பிரீமியம் கட்டியதும் 6 லட்சத்துக்குத்தானே.

கணக்குப் புத்தகமும் எரிந்துவிட்டால்? சரக்கு அனுப்பிய ஆலைகளின் பில் நகல்கள், லாரி ரசீதுகள், கடனுக்காக வங்கியில் கொடுத்த இருப்புப் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டி, சாம்பலான துணியை முழம் முழமாக மறுபடி எண்ணத் தொடங்குவார் சர்வேயர்.