தனிமனித சுதந்திரமும் அரசின் எல்லையும்: நொசிக்கின் உரித்துக் கோட்பாடு பற்றிய ஒரு நோக்கு

மனிதனுடைய வாழ்வில் அரசு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பது அரசியற் சிந்தனையின் பழைய வினாக்களுள் ஒன்று. அதற்குத் தரப்பட்ட விடைகளுள் மிகக் கடுமையானது ‘லிபட்டேரியனிசம்’ எனப்படும் தனிமனித சுதந்திரவாதத்தின் விடையாகும். உயிரையும் உடைமையையும் காத்தல், களவையும் மோசடியையும் தடுத்தல், ஒப்பந்தங்களை நிறைவேற்றுவித்தல் ஆகியவற்றுக்கு அப்பால் அரசுக்கு வேலையில்லை என்பது அதன் சாரம். முற்போக்காளர் இதனை முதலாளித்துவத்துக்கான வக்காலத்து என ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஒதுக்குதல் எளிது. ஆயின் இக்கோட்பாட்டின் தருக்கத்தை இறுதிவரை பின்தொடர்ந்தால், அதனைக் கையாள்வோர் சற்றும் விரும்பாத ஓரிடத்துக்கு அது எம்மை இட்டுச் செல்கின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இச்சொல்லின் வரலாறு நோக்கற்பாலது. ‘லிபட்டேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை அரசியற் பொருளில் 1857இல் கையாண்டவர் ஜோசப் டெஜாக் என்னும் அரசின்மைவாதி. 1858 முதல் 1861 வரை நியூயோர்க்கிலிருந்து அதே பெயரில் ஒரு பத்திரிகையையும் அவர் வெளியிட்டார். அரசை எதிர்த்தது போலவே தனியார் சொத்துடைமையையும் எதிர்த்தவர் அவர். அச்சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே தனியார் சொத்துடைமையின் காவலர்களது கொடியாக மாறியமை சொல்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று எனலாம்.

இன்றைய வடிவில் இச்சிந்தனைக்குத் தத்துவ மதிப்பைத் தேடித் தந்தவர் ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேட் நொசிக் (1938–2002). ஜோன் றோல்ஸின் ‘நீதிக் கோட்பாடு’ 1971இல் வெளிவந்தது. சமூகத்தில் மிகவும் பின்தங்கியோருக்கு அனுகூலமாக அமையும் ஏற்றத்தாழ்வுகளே நியாயமானவை என அது வாதிட்டது. அதற்கு மறுப்பாக அமைந்த நொசிக்கின் ‘அரசின்மை, அரசு, கற்பனையுலகு’ என்னும் நூல் 1974இல் வெளியாயிற்று.

ஒவ்வொரு மனிதனும் தன் உடலுக்கும் உழைப்புக்கும் தானே உரியவன் என்பது நொசிக்கின் தொடக்கப் புள்ளி. ஒருவனைப் பிறரது நன்மைக்குரிய கருவியாக்க எவருக்கும் உரிமையில்லை. பெரும்பான்மையோருக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. இப்பகுதியை முற்போக்காளர் அலட்சியம் செய்தல் தகாது என்பது எமது கருத்து. இந்நாட்டில் 1979இல் நிறைவேற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் கட்டளை ஒன்றின் பேரில் ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. தற்காலிகமானது எனக் கூறப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதனைக் கொண்டுவந்தது 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அதே அரசாங்கமேயாகும். சந்தைக்குக் கிடைத்த சுதந்திரம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. தனிமனித உரிமை வெறும் முதலாளித்துவப் பிரமை எனக் கூறிப் பழகியவர்களுக்கு இத்தகைய சட்டத்தை எந்த அடிப்படையில் நின்று எதிர்ப்பது என்ற இடர்ப்பாடு தோன்றும். நொசிக்கிடம் அவ்விடர்ப்பாடு இல்லை.

இடர்ப்பாடு தோன்றுவது உடலிலிருந்து பொருளுக்குச் செல்லும்போதே. ஒருவரது உடைமை நியாயமானதா என்பதை அறிய, இன்று யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தல் போதாது, அது எவ்வாறு வந்தது என்பதையே பார்த்தல் வேண்டும் என்கிறார் நொசிக். எவருக்கும் உரியதாயிராத பொருளை நியாயமாக முதலிற் கைக்கொள்ளுதல், அதனை விருப்பத்தின் பேரில் கைமாற்றுதல், இவ்விரண்டிலும் அநீதி நேர்ந்திருப்பின் அதனைத் திருத்துதல் என மூன்று விதிகளை அவர் வகுத்தார். இதுவே உரித்துக் கோட்பாடு.

இரண்டாம் விதியை விளக்க அவர் கூறிய உதாரணம் புகழ்பெற்றது. வில்ற் சேம்பர்லேன் என்ற கூடைப்பந்தாட்ட வீரரின் ஆட்டத்தைக் காண 10 இலட்சம் பேர் வருகின்றனர். ஒவ்வொருவரும் அவருக்கென 25 சதத்தைத் தனியே தருகின்றனர். பருவ முடிவில் அவரிடம் 2,50,000 டொலர் சேர்கின்றது. தொடக்கத்தில் எவ்வளவு சமத்துவமான பங்கீடு இருந்திருப்பினும் அது இப்போது குலைந்துவிட்டது. ஆயினும் அநீதி எங்கே நிகழ்ந்தது என வினவுகிறார் நொசிக். உழைப்பின் ஊதியத்தின் மீது விதிக்கப்படும் வரி கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று அவர் கூறுவதும் இவ்வழியிலேதான். உதாரணம் சாதுரியமானது. ஆயின் இங்கே கைமாறுவது ஒரு மனிதனின் திறமையும் சில்லறைக் காசுமே. உலகின் செல்வத்திற் பெரும்பகுதி நிலத்திலும் சுரங்கத்திலும் ஆலையிலும் அன்றோ இருக்கின்றது? அவை கூடைப்பந்தாட்டத்தினால் வந்தவை அல்ல.

ஆகவே முதல் விதியே எல்லாவற்றையும் தாங்கும் அத்திவாரமாகும். அதனை நொசிக் பதினேழாம் நூற்றாண்டின் ஜோன் லொக்கிடமிருந்து பெறுகின்றார். பொதுவாயிருந்த நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகின்றது, பிறருக்குப் போதுமானதும் தரத்திற் குறையாததும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது லொக்கின் கருத்து. நொசிக்கே இதிலுள்ள சிக்கலைக் காண்கிறார். என்னுடைய தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலந்தால் கடல் எனதாகுமா, அன்றிச் சாற்றை இழந்த மூடனாவேனா என்று கேட்கிறார். கேட்டவர் விடையை முழுமையாகத் தரவில்லை. பிறரது நிலை முன்னிருந்ததிலும் மோசமாகாதிருப்பின் போதும் எனும் நிபந்தனையோடு அமைகின்றார்.

இவருக்கு முன்னர் அரசின் தலையீட்டை வன்மையாகக் கண்டித்த ஹேபேட் ஸ்பென்சர் இவ்விடத்தில் இன்னும் நேர்மையாக இருந்தார். 1851இல் வெளிவந்த தமது நூலில், நிலத்தில் தனியுரிமைக்கு நியாயமில்லை என்றும், இருக்கின்ற உரிமைகளின் மூலம் வன்முறையும் வஞ்சகமுமே என்றும் அவர் எழுதினார். பிற்காலத்தில் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். அதற்காக 1892இல் ஹென்றி ஜோர்ஜ் அவரைக் கடுமையாகச் சாடி ஒரு நூலே எழுதினார்.

மூன்றாம் விதிக்கு வருவோம். கடந்தகால அநீதிகள் நடைமுறையில் பெரியனவாயிருப்பின், அவற்றைத் திருத்தும் பொருட்டுக் குறுகிய காலத்துக்கேனும் மிகச்சிறு அரசிலும் விரிவான ஓர் அரசு தேவைப்படலாம் என நொசிக் ஒப்புக்கொள்கின்றார். அத்தகைய திருத்தம் வேண்டப்படவில்லை என்பது நிறுவப்படாதவரை, நலன்புரிக் கொடுப்பனவு எதனையும் தமது கோட்பாட்டைக் கொண்டு கண்டிக்க முடியாது என்றும் கூறுகின்றார். அவரை மேற்கோள் காட்டும் அரசியல்வாதிகள் இப்பகுதியை ஏனோ வாசிப்பதில்லை! நொசிக்கோ 1989இல் வெளிவந்த நூலொன்றில், தமது முன்னைய நிலைப்பாடு பெரிதும் போதாதது எனத் தாமே குறிப்பிட்டார்.

இவ்விதியை எமது நாட்டின் ஒரு காணி உறுதியின் மீது வைத்துப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என விதித்தது. கண்டிப் பிரதேசங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடப்பட்ட சேனை நிலங்கள் பற்றிய விதி இன்னும் கடுமையானது. சன்னசு போன்ற ஆதாரத்தைக் காட்டும் பொறுப்பு கிராமத்தவன் மீது விழுந்தது. முடிக்குரியதாக்கப்பட்ட காணிகள் ஏக்கர் ஐந்து சிலிங் போன்ற விலைக்குக் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டன. வாங்கியோருள் குடியேற்ற அரசின் உயர் உத்தியோகத்தர் பலர் இருந்தனர். கிராமத்தவர் பயன்படுத்திய நிலம் உண்மையில் எவ்வளவு பறிபோயிற்று என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் உரித்தின் மூலம் எது என்பதில் ஐயமில்லை. இங்கே சொத்து முன்னே தோன்றி, அதைக் காக்க அரசு பின்னே வரவில்லை. அரசு தன் கட்டளையினால் சொத்தைத் தோற்றுவித்தது. சுதந்திரவாதிகளின் சித்திரம் அப்படியே தலைகீழாகின்றது. ஜீ. ஏ. கோஹென் போன்ற மார்க்சிய அறிஞர் சுட்டிக்காட்டிய உண்மையும் இங்கு புலனாகும்: வேலிக்கு உள்ளே நிற்பவனின் சுதந்திரத்தைக் காக்கும் பொலிசு, வெளியே நிற்பவனின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

ஆகவே நொசிக்கின் விதிப்படியே திருத்தம் வேண்டும். யாருக்கு? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பிரித்தானியக் கம்பனிகள் நட்டஈடு பெற்றன. 1992 முதல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்வளவு கைமாற்றங்களிலும் இரு சாரார் உரித்தாளராகக் கணிக்கப்படவில்லை எனலாம். சேனையை இழந்த கண்டிக் கிராமத்தவரின் வழித்தோன்றல்களுக்குச் சில இடங்களில் துண்டு நிலங்கள் கிடைத்தன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, காட்டை அழித்துக் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்களோ 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, நிலத்தைக் கேட்கும் தகுதியையே இழந்திருந்தனர். இருவரையும் ஒருவர்க்கொருவர் எதிராக நிறுத்தியதில் அரசியல்வாதிகள் கண்ட இலாபம் வேறு கதை.

நிலத்தில் உழைப்பைக் கலந்தவனே உரியவன் எனின், அம்மலைச் சரிவுகளில் மூன்று நான்கு தலைமுறையாக உழைப்பைக் கலந்தவர் யாவர் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. லொக்கோ தமது நூலிலேயே இதற்கு ஒரு வாயிலை அடைத்து வைத்திருக்கின்றார். தன் வேலையாள் வெட்டிய புற்கரண் எசமானனின் சொத்தாகும் என்று அவர் போகிற போக்கிற் கூறிச் செல்கின்றார். உழைப்பு வேலையாளினது, உரித்து எசமானனது. ஊதியம் கொடுத்தபடியால் உழைப்பும் வாங்கப்பட்டுவிட்டது என்பர் நொசிக்கின் வழிவந்தோர். ஆயின் வேறு நிலமில்லாது, திரும்பிச் செல்ல வழியில்லாது, கங்காணியின் கடனில் கட்டுண்டு கிடந்தவனுடைய ஒப்பந்தம் விருப்பத்தின் பேரிலான கைமாற்றமா என்பதை இரண்டாம் விதியே கேட்கின்றது. அவ்வுழைப்பாளரின் பேரப்பிள்ளைகள் பலர், தாம் பிறந்த லயன் அறைக்குக்கூட உறுதி இல்லாதவராகவே வாழ்ந்து மடிந்தனர்.