பில்லில் இருக்கும் அந்த 15 எழுத்து... அசலா, போலியா?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். இரண்டையும் முடித்தவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் ஒரு கட்டு பில் இருக்கும். சிமென்ட், கம்பி, டைல்ஸ், பாத்திரம், பந்தல், பிரியாணி என எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சீட்டு. ஒவ்வொன்றின் தலையிலும், கடைப் பெயருக்குக் கீழே, எண்ணும் எழுத்தும் கலந்த 15 இலக்கம் ஒன்று அச்சாகியிருக்கும். அதுதான் ஜிஎஸ்டி பதிவு எண். நம்மில் பெரும்பாலோர் மொத்தத் தொகையைத்தான் பார்ப்போம். அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

பார்த்தால் என்ன தெரியும்?

ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரைக்குக் கிழக்கே இருக்கும் பெரியபட்டினத்தை எடுத்துக்கொள்வோம். சந்தனக்கூடு திருவிழாவுக்குப் பேர்போன ஊர். வளைகுடாவில் உழைக்கும் மகனோ மாப்பிள்ளையோ அனுப்பும் பணத்தில் எழும்பிய வீடுகள் இந்தக் கரையில் ஊருக்கு ஊர் உண்டு. பணம் அனுப்புகிறவர் தூரத்தில். இங்கே பில்லை வாங்கிச் சரிபார்ப்பது வீட்டுப் பெண்கள், இல்லையென்றால் வயதான அத்தா. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு டைல்ஸ் வாங்கினால் 18 சதவிகிதம், அதாவது 27,000 ரூபாய் வரி. அது அரசாங்கத்துக்குப் போகிறதா, கடைக்காரர் சட்டைப் பைக்குப் போகிறதா என்பதை அந்த 15 இலக்கத்தை வைத்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணைப் பிரித்துப் படிப்பது கஷ்டமில்லை. முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளாவுக்கு 32, கர்நாடகாவுக்கு 29. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலங்களுக்குக் கொடுத்த அதே வரிசை எண்கள்தான். அடுத்த பத்தும் கடைக்காரரின் பான் எண், ஒரு எழுத்துகூட மாறாமல். 13-வது இடத்தில் இருப்பது, அதே பான் எண்ணில் அதே மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது; பெரும்பாலும் 1. பதினான்காவது வழக்கமாக ஆங்கில இசட். கடைசி இலக்கம்தான் காவல்காரன். முந்தைய 14 இலக்கங்களையும் ஒரு கணக்கில் பெருக்கிக் கூட்டி வரும் விடை அது. நடுவில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினால் கணக்கு இடிக்கும். அதனால் வாய்க்கு வந்த எண்ணை அடித்துவிட்டால் பெரும்பாலும் கணினியே 'செல்லாது' என்று சொல்லிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஆறாவது எழுத்து. பான் எண்ணின் நான்காவது எழுத்துதான் அங்கே உட்கார்ந்திருக்கும். அது 'பி' என்றால் தனிநபர், 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் பங்குதாரர் நிறுவனம், 'டி' என்றால் டிரஸ்ட். பில்லின் மேலே கொட்டை எழுத்தில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுவிட்டு, கீழே இருக்கும் எண்ணில் ஆறாவது எழுத்து 'பி' என்றிருந்தால் ஏதோ சரியில்லை. ஒன்று கம்பெனி என்பது பொய், அல்லது எண் வேறு யாருடையதோ. போனைக்கூட எடுக்காமல், கடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஊரின் பழைய கணக்கையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொருத்தமாக இருக்கும். பெரியபட்டினம் ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து போன துறைமுகம். பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் வரும் பவித்திரமாணிக்கப்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு நடத்தியது. வரலாற்று அறிஞர்கள் எ.சுப்பராயலுவும் ஜப்பானைச் சேர்ந்த நொபொரு கராஷிமாவும் இந்த மண்ணில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சரக்கு வந்த இடத்தில் சுங்கமும் இருந்திருக்கும்தானே! சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம் கொடுத்த நாடு இது. வரியைக் குறைத்தவருக்கு மக்கள் மனதில் எப்போதும் தனி இடம்தான்.

விற்பனை வரி என்ற பொதுவான ஏற்பாடு நம் பக்கம் வந்தது 1939-ல், ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட வந்த வரி அது. 2007 ஜனவரி முதல் வாட். அப்போது கடைகளுக்கு 33-ல் தொடங்கும் 11 இலக்க டின் எண் இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அது 15 ஆனது. இன்னமும் சில பழைய பில் புத்தகங்களில் டின் எண்ணைப் பார்க்கலாம். அந்த எண்ணை வைத்து இன்று யாரும் ஜிஎஸ்டி வாங்க முடியாது.

சரி, எண் அசலா என்று எப்படிப் பார்ப்பது? போனில் ஜிஎஸ்டி அரசு இணையதளத்தைத் திறந்தால் மேலே 'சர்ச் டாக்ஸ்பேயர்' என்று ஒரு பகுதி இருக்கும். லாகின் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், காசும் வேண்டாம். 15 இலக்கத்தையும் அடித்து, படத்தில் தெரியும் எண்களைத் திரும்ப அடித்தால் விவரம் வந்துவிடும். சட்டப்படியான பெயர், கடைப் பெயர், முகவரி, பதிவான தேதி, இப்போதைய நிலை எல்லாம் இருக்கும்.

அங்கே முதலில் பெயரைப் பாருங்கள். தனிநபர் கடையாக இருந்தால் சட்டப்படியான பெயர் முதலாளியின் பெயராகவும், கடைப் பெயர் பலகையில் உள்ளதாகவும் இருக்கும். அது சகஜம். இரண்டுமே பில்லோடு ஒட்டவில்லை, முகவரி ஈரோடு என்று இருக்கிறது, கடையோ உங்கள் தெருமுனையில் என்றால், வேறு யாருடைய எண்ணையோ எடுத்து அச்சடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கடைசி இலக்கக் கணக்கு இந்த மாதிரித் திருட்டைப் பிடிக்காது, ஏனென்றால் எண் அசல்தான். பெயரைப் பார்த்தால்தான் பிடிபடும். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை, செல்போன் விற்கிறவர்களிடம் முன்பணம் அனுப்பும் முன் இதைச் செய்வது ரொம்ப நல்லது.

அடுத்து நிலை. 'ஆக்டிவ்' என்றிருந்தால் நல்லது. 'கேன்சல்டு' என்றால் பதிவு ரத்தாகிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு அவர் உங்களிடம் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 'சஸ்பெண்டட்' என்றால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். வரி செலுத்துபவர் வகை என்ற இடத்தில் 'காம்போசிஷன்' என்று இருந்தால், அவர் சிறு வியாபாரிகளுக்கான சலுகைத் திட்டத்தில் இருக்கிறார். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள வியாபாரிகள் இதில் சேரலாம். சரக்கு விற்கிறவர் தன் விற்றுமுதலில் 1 சதவிகிதமும், ஓட்டல்காரர் 5 சதவிகிதமும் கட்டினால் போதும். ஆனால் அதைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பில்லில் தனியாக வரி போட்டு உங்களிடம் வாங்கக் கூடாது. வரி வசூலிக்கத் தகுதியில்லை என்று பில்லின் தலைப்பிலேயே எழுதவும் வேண்டும். அப்படிப்பட்ட ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டு, பில்லில் 'சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5' என்று இருந்தால், தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

எண்ணே இல்லாத கடை எல்லாம் திருட்டுக் கடை இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். கரையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மாவிடம் ஜிஎஸ்டி எண் கேட்டு யாரும் சண்டை போட வேண்டாம். பச்சை மீனுக்கு வரியே கிடையாது. பதிவு இல்லாமல் இருப்பது தப்பில்லை. பதிவு இல்லாமல் வரி வசூலிப்பதுதான் தப்பு.

"காக்கா, பில் போடவா, இல்ல பில் இல்லாம போட்டுத் தரவா? 18 பர்சென்ட் மிச்சம்!" இந்த வசனத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. மிச்சம் என்னவோ உண்மைதான். ஆறு மாதத்தில் மோட்டார் எரிந்துபோனால் வாரன்டிக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கும் காட்ட எதுவும் இருக்காது, அதுவும் உண்மைதான்.

வீட்டுக்கு வாங்குகிறவருக்குப் போவது சில ஆயிரங்கள். கடை வைத்திருப்பவருக்குக் கதை வேறு. மதுரையிலிருந்து சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர், கொள்முதலில் கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டாமல் விட்டால் கழித்ததும் செல்லாது. காசு கொடுத்து முடித்தவரே மறுபடி கட்ட வேண்டும்.

இது கற்பனை இல்லை. நாகர்கோவில் பகுதியில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர்களுக்கு இப்படித்தான் ஆனது. வரியும் சேர்த்து, பெரும்பகுதி வங்கி வழியாகவே பணம் கொடுத்திருக்கிறார்கள். விற்றவர் வரியைக் கட்டவில்லை. அதிகாரிகள் விற்றவரை விட்டுவிட்டு, வாங்கியவர்களிடம் கேட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு போனது. டி.ஒய்.பீத்தெல் எண்டர்பிரைசஸ் வழக்கு என்று வரி ஆலோசகர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு அது. 2021 பிப்ரவரி 24 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், விற்றவரை விசாரிக்காமலே வாங்கியவர்மேல் போட்ட உத்தரவுகளை ரத்து செய்து, மறுபடி முறையாக விசாரிக்கச் சொன்னார். வியாபாரிகளுக்கு ஆறுதல்தான். ஆனால் கவனியுங்கள், வரியே கட்ட வேண்டாம் என்று விடுவிக்கவில்லை, மறுவிசாரணைக்குத்தான் அனுப்பினார். ராமநாதபுரம் மாவட்டமும் அதே மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது.

அதனால் புது ஆளிடம் சரக்கு எடுக்கும் முன், அந்தத் தேடல் பக்கத்திலேயே கீழே இருக்கும் ரிட்டர்ன் தாக்கல் பட்டியலையும் திறந்து பாருங்கள். மாதா மாதம் தாக்கல் செய்திருக்கிறாரா, நாலைந்து மாதமாகச் சத்தமே இல்லையா என்று தேதியோடு தெரியும். பார்த்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வைத்துவிடுங்கள். சில பதிவுகளை முன்தேதியிட்டு ரத்து செய்வதும் உண்டு; நீங்கள் வாங்கிய அன்று அது உயிரோடு இருந்தது என்பதற்கு அந்தப் படம் உதவும்.

போலிப் பதிவு எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஒரு கணக்கு. 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுக்க நடந்த சிறப்புச் சோதனையில், பதிவு எண் இருந்தும் கடையே இல்லாத 21,791 நிறுவனங்கள் சிக்கின. சந்தேகத்துக்குரிய வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கடை இல்லை, சரக்கு இல்லை, பில் மட்டும் இருக்கிறது!

கடை இல்லையென்றால் பதிவு யார் பெயரில்? இங்கேதான் வியாபாரமே செய்யாதவர்களும் மாட்டுகிறார்கள். 2025 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தில் வண்டியில் முட்டை விற்கும் ஒருவருக்கு நோட்டீஸ் வந்தது. அவர் பெயரில் டெல்லியில் ஒரு நிறுவனம், 50 கோடிக்கு வியாபாரம், 6 கோடி ஜிஎஸ்டி பாக்கி. மனிதர் டெல்லிக்கே போனதில்லை என்றார். கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கும் ஆதார், பான் நகல்கள் இந்த மாதிரி வேலைக்குப் போவதுண்டு. வெளிநாட்டு வேலைக்காக ஏஜென்டுகளிடம் நகல் கொடுத்துப் பழகிய நம் கடற்கரை ஊர்களுக்கு இது ரொம்பப் பக்கத்துச் சங்கதி. நகல் கொடுக்கும்போது, எதற்காக என்றும் தேதியும் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அதே இணையதளத்தில், பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதியும் உண்டு. உங்கள் பான், மனைவியின் பான், சவூதியில் இருக்கும் மகனின் பான் என ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். அந்தப் பானில் எந்த மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு இருந்தாலும் வரிசையாகக் காட்டும். தெரியாத பதிவு ஏதாவது தென்பட்டால், படம் எடுத்துக்கொண்டு, ஜிஎஸ்டி தளத்தின் புகார் பகுதியில் பதியுங்கள். கூடவே காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். கடையில் தப்பாக வரி வாங்கியதற்கு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீட்டில் ஐந்து பேருக்குப் பான் இருந்தால், ஐந்தையும் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். மகனுடைய எண் கையில் இல்லையென்றால், இன்று இரவு அவர் கூப்பிடும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.