மாறிக்குள் என்ன இருக்கிறது?

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நிரம்பி வழியும். அந்தப் பௌர்ணமி நாட்களைக் கணக்கிட நீங்கள் ஒரு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரு பௌர்ணமிகளுக்கு இடையே சராசரியாக 29.53 நாட்கள். (உண்மையான இடைவெளி மாதத்துக்கு மாதம் சில மணி நேரம் மாறும். அந்தத் தலைவலியைப் பஞ்சாங்கக் கணிதர்களுக்கே விட்டுவிடுவோம்.) ஒரு பௌர்ணமியை 0 என்று கொண்டு, 'நாள்' என்னும் மாறியுடன் 'இடைவெளி' என்னும் மாறியை 12 முறை கூட்ட வேண்டும். விடை 354.36. ஆனால் திரையில் வந்ததோ 348! இதை நம்பி மலை சுற்றக் கிளம்பினால் பாதி நிலாவைவிடச் சற்றே பெரிய நிலாதான் வானில் இருக்கும்.

தவறு எங்கே? இடைவெளியைத் தவறாகக் கொடுத்தோமா, கூட்டலில் கோளாறா? 348 என்ற எண் வாய் திறக்காது.

இங்கே பழைய கதை ஒன்று பொருந்தும். சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் 'காலசங்கலிதா' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பியே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அதில் விவரித்திருக்கிறார். கணிப்பில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. எழுதுகோலே தொடாமல் இவ்வளவு நெருங்கியது வியப்புதான்! நமக்கு வேண்டிய செய்தி வேறு. அவர் கணக்கின் ஒவ்வொரு இடைநிலை மதிப்பும் சோழிகளாகக் கண்ணெதிரே கிடந்தது. கணிப்பொறியிலோ அவை நினைவகத்துக்குள் மறைந்து கிடக்கின்றன. நாம்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

எப்படி? ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் இரண்டு மாறிகளையும் அச்சிடச் சொல்லுங்கள். இடைவெளி எப்போதும் 29.53 என்றே வருகிறது, அதில் பழுதில்லை. நாளோ 29, 58, 87 என்று போகிறது. 29.53, 59.06, 88.59 என்றல்லவா வர வேண்டும்? முதல் சுற்றிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது! கூட்டல் வரியைப் பாருங்கள். தேதிக்குப் பின்னம் கிடையாதே என்று, தசமப் பகுதியை வெட்டும் ஆணையை அங்கேயே எழுதியிருக்கிறோம். சுற்றுக்கு 0.53 வீதம் 12 சுற்றில் 6.36 நாள் காணாமற்போயிற்று. வெட்டுவதைக் கடைசியில் ஒருமுறை செய்தால் 354 வந்துவிடும்.

நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட புரோகிராமில் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொண்டிருக்க முடியாது. பிழை தேடும் மென்பொருள்களில் ஏதேனும் ஒரு வரியில் நிறுத்தக் குறி இடலாம். புரோகிராம் அங்கே வந்ததும் நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு வரியாக நகர்த்தி, தேர்ந்தெடுத்த மாறிகள் மாறுவதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். எந்த மதிப்பு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஏதுமில்லாவிட்டால் வெறுமனே எண்களை வேடிக்கை பார்ப்பதாக முடியும்.

ஒரு பொறியும் உண்டு. தசமம் இல்லாமல் அச்சிடும்படி ஆணை எழுதியிருந்தால், மாறிக்குள் 29.53 பத்திரமாக இருந்தாலும் திரையில் முழு எண்தான் தெரியும். அப்போது குற்றவாளி மாறி அல்ல, அச்சிட்ட வரி!